பரவாயில்லை என்று பலகை மாட்டிய பாட்டுக்காரர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டு சாவகாசமாகப் படியுங்கள்.

1988-இல் இங்கிலாந்தில் ஓர் இசைத்தட்டு வெளிவந்தது. ‘ஹவுஸ்மார்ட்டின்ஸ்’ என்ற இசைக்குழு, தான் கலைந்துபோகிற நேரத்தில், அதுவரை பாடியவற்றிலிருந்து 24 பாடல்களைத் திரட்டிப் போட்ட தொகுப்பு அது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘நவ் தட்ஸ் வாட் ஐ கால் க்வைட் குட்’. நம் பேச்சுவழக்கில் சொல்வதானால், “ஆகா, இதுவல்லவோ பரவாயில்லை ரகம்!”

தன் கடை வாசலில் தானே இப்படிப் பலகை மாட்டும் வியாபாரியைப் பார்த்திருக்கிறீர்களா? “இங்கே சுமாரான அல்வா கிடைக்கும்” என்று யாராவது எழுதுவார்களா? ஆனால் அந்த ஊர்க்காரர்களுக்கு இந்தப் பெயரைப் பார்த்ததும் சிரிப்பு வந்திருக்கும். அது எதைக் கிண்டல் செய்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். நமக்கு அது புரிய வேண்டுமானால் முப்பது வருடத்து வியாபாரக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். மலிவு விலைப் பாட்டுத் தொகுப்புகளின் கதை அது. கேளுங்கள்.

முதலில் அந்தக் காலத்து இசைத்தட்டுக் கணக்கு. சின்னத் தட்டு நிமிடத்துக்கு 45 சுற்று சுற்றும். பக்கத்துக்கு ஒரு பாட்டு. பெரிய தட்டான எல்.பி. நிமிடத்துக்கு முப்பத்து மூன்றே கால் சொச்சம் சுற்று. பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் பாடும். புதுப்பாட்டு பெரும்பாலும் சின்னத் தட்டில்தான் பிரபலமாகும். வானொலியில் கேட்ட பத்துப் பாட்டும் வேண்டுமென்றால் பத்துத் தட்டு வாங்க வேண்டும். பத்தும் வேறுவேறு கம்பெனியாக இருக்கும். ஒரு கம்பெனியின் ஒலிப்பதிவை இன்னொரு கம்பெனி இஷ்டத்துக்குத் தன் தட்டில் சேர்க்க முடியாது. பள்ளிப் பிள்ளையின் கைச்செலவுக் காசுக்கும் ஆலைக்குப் போகிறவரின் வாரக்கூலிக்கும் இது கட்டுப்படியாகாது. எண்பதுகளில் ஒரு தாளில் பாட்டுப் பட்டியல் எழுதி கேசட் கடையில் கொடுத்து, எல்லாவற்றையும் ஒரே கேசட்டில் பதிந்து வாங்கினீர்களே, உங்களுக்கு அந்த ஆசை நன்றாகவே புரியும்.

அந்த ஆசையைக் காசாக்கும் வழியை இங்கிலாந்து வியாபாரிகள் ஐம்பதுகளிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். ஊருக்கு ஊர் கிளை வைத்திருந்த ‘உல்வொர்த்’ கடைகளில் 1954 முதல் 1965 வரை ‘எம்பஸி’ என்ற முத்திரையுடன் இசைத்தட்டுகள் விற்றன. அப்போது ஓடிக்கொண்டிருந்த பாட்டுகள்தான். ஆனால் பாடியவர்கள் வேறு. அசல் பாடகரைப் போலவே பாடக்கூடிய வேறொருவரை வைத்துப் பாடவைத்து, குறைந்த விலைக்குக் கொடுத்தார்கள். பாடியவர்களில் சிலர் தட்டில் தம் பெயரைக்கூட மாற்றிக்கொண்டார்கள்.

இது திருட்டில்லையா என்று கேட்பீர்கள். சட்டப்படி இல்லை. ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது. மெட்டும் வரியும் ஒன்று; அதை ஒருவர் பாடிப் பதிவு செய்த ஒலி இன்னொன்று. முதலாவதற்கு உரிய தொகையை மெட்டுப் போட்டவருக்கும் வரி எழுதியவருக்கும் சேரும்படி செலுத்திவிட்டால், அதே பாட்டைப் புதிதாகப் பாடிப் பதிவு செய்து விற்கலாம். ஒலிப்பதிவை நகல் எடுத்தால்தான் குற்றம். ஒருவர் குரலைப் போலவே பாடுவது குற்றமில்லை. மலிவுத் தட்டு வியாபாரம் முழுக்க நின்றது இந்த ஓர் இடைவெளியின் மேல்தான்.

1965-இல் இ.எம்.ஐ. கம்பெனியும் பால் ஹாம்லின் என்ற புத்தகப் பதிப்பாளரும் கூட்டுச் சேர்ந்து ‘மியூசிக் ஃபார் பிளெஷர்’ என்ற மலிவு முத்திரையைத் தொடங்கினார்கள். ஹாம்லின் மலிவு விலைப் புத்தகம் விற்றுக் கைதேர்ந்தவர். பாட்டுக் கடையைத் தேடிப் போகாத ஜனங்களிடம் பாட்டைக் கொண்டுபோனால் என்ன என்பது அவர்கள் எண்ணம். பத்திரிகைக் கடை, மளிகை அங்காடி என்று எங்கும் தட்டு தொங்கியது.

1968-இல் ‘ஹால்மார்க்’ முத்திரையில் ‘டாப் ஆஃப் தி பாப்ஸ்’ என்ற தொடர் ஆரம்பமானது. சில வாரங்களுக்கு ஒன்று வீதம் 1985 வரை தொண்ணூறுக்கும் மேற்பட்ட தட்டுகள் வந்தன. அந்தப் பெயரிலேயே ஒரு சாமர்த்தியம் இருந்தது. பி.பி.சி. தொலைக்காட்சியில் 1964 முதல் அதே பெயரில் நாடறிந்த பாட்டு நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பார்க்கிறவர் சம்பந்தம் இருப்பதாக நினைத்தால் அது அவர் பாடு! அட்டையின் முன்பக்கம் முழுக்க ஓர் அழகிய பெண்ணின் படம் இருக்கும். பாட்டுப் பெயர்கள் இருக்கும். பாடியவர் பெயர் மட்டும் இருக்காது.

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அந்தப் பெயரில்லாதவர்கள் யார்? கூலிக்குப் பாடிய கலைஞர்கள். இன்றைக்கு ஒருவர் குரலில், நாளைக்கு இன்னொருவர் குரலில், தடித்த குரலிலும் கீச்சுக் குரலிலும் மாறிமாறிப் பாட வேண்டும். சில நாளில் ஒரு தட்டை முடிக்க வேண்டும். லேசான வேலையில்லை. லண்டன் பக்கத்து இளைஞர் ஒருவர் 1969, 1970 வாக்கில் இப்படி மலிவுத் தட்டுகளுக்குக் கூலிக்குப் பாடிக்கொண்டிருந்தார். இயற்பெயர் ரெஜினால்ட் டுவைட். கொஞ்ச நாளிலேயே எல்டன் ஜான் என்ற பெயரில் உலகம் முழுக்கப் புகழ்பெற்றார். அதன்பிறகு, 1990-களில், அந்தப் பழைய கூலிப்பாட்டுகளையே தேடியெடுத்து அவர் பெயரைப் போட்டு விற்றார்கள். அதே குரல், அதே பாட்டு. பெயர் வந்ததும் அந்தப் பாட்டுக்கே மதிப்பு வந்துவிட்டது. அவருக்குப் பக்கத்து ஒலிவாங்கியில் நின்று பாடிய பலருக்கு அந்தப் பெயர் கடைசிவரை வரவேயில்லை.

வியாபாரமோ சக்கைப்போடு போட்டது. 1971-இல் இங்கிலாந்தின் எல்.பி. விற்பனைத் தரவரிசையில் மலிவுத் தட்டுகளையும் சேர்த்துக்கொள்ள இடம் கொடுத்தார்கள். அந்த ஆகஸ்ட் மாதத்திலேயே ‘ஹாட் ஹிட்ஸ் 6’ என்ற மலிவுத் தொகுப்பு முதலிடத்துக்கு வந்தது. அதே மாதம் ‘டாப் ஆஃப் தி பாப்ஸ்’ தொடரின் 18-ஆவது தட்டும் முதலிடம் பிடித்தது. நாட்டின் பெரிய பெரிய பாடகர்களையெல்லாம் பின்னுக்குத் தள்ளி, பெயரில்லாத கூலிப்பாடகர்கள் முதல் இடத்தில்! பெரிய கம்பெனிகளுக்குப் பொறுக்குமா? 1972 ஜனவரியில் மலிவுத் தட்டுகளைப் பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டார்கள். விதியை மாற்றினால் போதும், வென்றவர் தோற்றவராகிவிடுவார்.

இனி கடல் கடந்து கனடா போவோம். ஃபிலிப் கைவ்ஸ் என்பவர் 1929-இல் சஸ்காட்செவன் மாகாணத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். வீடு வீடாகப் போய்ச் சாமான் விற்று, சந்தைகளில் கூட்டம் கூட்டிச் செய்துகாட்டி விற்று வளர்ந்தவர். நம் ஊர்த் திருவிழாவில் ஒருவர் கேரட்டைப் பூப்பூவாகச் சீவிக்காட்டி, அந்தக் கருவியை நம் தலையில் கட்டிவிட்டுப் போவாரே, அந்தத் தொழில்தான். அதையே அவர் தொலைக்காட்சிக்குக் கொண்டுபோனார். ஒட்டாத வாணலி, கத்தி, காய்கறி நறுக்கி என்று விற்றவர், 1966-இல் 25 கன்ட்ரி பாட்டுகளைத் திரட்டி ஒரு தட்டாகப் போட்டு, வாணலி விற்ற மாதிரியே விற்றார். அவர் கம்பெனியின் பெயர் ‘கே-டெல்’.

கைவ்ஸ் போலிக்குரல் வைக்கவில்லை. பல கம்பெனிகளிடம் அனுமதி வாங்கி, அசல் பாடகர்களின் அசல் பதிவையே போட்டார். “அசல் ஹிட் பாட்டுகள், அசல் நட்சத்திரங்கள்” என்பதுதான் அவர்கள் முழக்கம். இருபது பாட்டு, இருபத்திரண்டு பாட்டு என்று எண்ணிக்கையைப் பெரிய எழுத்தில் போட்டார்கள். 1972-இல் இங்கிலாந்துக்குள் நுழைந்து ‘20 டைனமிக் ஹிட்ஸ்’ என்ற தட்டை நேராக முதலிடத்துக்கு ஏற்றினார்கள். கோபத்தோடு கதவைச் சாத்திய வருடத்திலேயே ஜன்னல் வழியாக வேறொருவர் வந்துவிட்டார்!

ஆனால் ஒரு கேள்வி வருகிறதல்லவா? பக்கத்துக்கு இருபது நிமிடம் பிடிக்கும் தட்டில் பக்கத்துக்குப் பத்துப் பதினோரு பாட்டு எப்படிப் பிடிக்கும்? இங்கே கொஞ்சம் அறிவியல். தட்டில் இருப்பது சுருள் சுருளாக ஓடும் ஒரே பள்ளம். ஓசை உரக்க இருந்தால் அந்தப் பள்ளம் இடமும் வலமும் அதிகம் வளையும்; அடிக்குரல் ஓசைக்கு இன்னும் அதிகம் வளையும். வளைய இடம் வேண்டும். அதிகப் பாட்டு அடைக்க வேண்டுமானால் பள்ளங்களை நெருக்க வேண்டும். நெருக்கினால் ஓசையைக் குறைக்க வேண்டும். அதனால் அந்தத் தட்டுகள் மெலிந்த குரலில் பாடின. அதுவும் போதாமல் பாட்டுகளையே வெட்டினார்கள். சரணம் ஒன்று காணாமல் போகும். முடிவதற்கு முன்பே ஓசை தேய்ந்து மறையும். “இருபது பாட்டு” என்ற எண்ணிக்கை உண்மை. முழுப்பாட்டு என்று அவர்கள் சொல்லவே இல்லையே!

இந்தத் துண்டாடலைக் கடைசி எல்லைவரை இழுத்துக் காட்டிய ஒரு குறும்புக்காரக் குழு அமெரிக்காவில் இருந்தது. பெயர் ‘ரெசிடென்ட்ஸ்’. 1980-இல் ‘கமர்ஷியல் ஆல்பம்’ என்று ஒரு தட்டுப் போட்டார்கள். நாற்பது பாட்டு. ஒவ்வொன்றும் ஒரே நிமிடம். ஹிட் பாட்டு என்பது ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வதுதானே, திரும்பச் சொல்வதை வெட்டிவிட்டால் மிஞ்சுவது ஒரு நிமிடம்தான் என்பது அவர்கள் தந்த விளக்கம். ஒரு நிமிடம் என்பது விளம்பரத்தின் அளவும்கூட. அதனால் சான் பிரான்சிஸ்கோவின் கே.எஃப்.ஆர்.சி. வானொலியில் நாற்பது விளம்பர நேரங்களைக் காசு கொடுத்து வாங்கி, நாற்பது பாட்டையும் விளம்பரமாகவே ஒலிபரப்பினார்கள். இது பாட்டா, விளம்பரமா என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். அந்தக் கேள்வியைக் கேட்கவைப்பதுதான் அவர்கள் நோக்கம்.

இன்னொன்றும் கவனியுங்கள். ரெசிடென்ட்ஸ் குழுவினர் தங்கள் பெயரைப் பல பத்தாண்டுகள் வெளியிடவே இல்லை. தலையை முழுக்க மூடும் பெரிய கண்விழி முகமூடியும் உயரத் தொப்பியும் போட்டுக்கொண்டுதான் படங்களில் நின்றார்கள். லண்டன் கூலிப்பாடகருக்குப் பெயரில்லாமல் போனது அவர் கேட்டு வந்ததில்லை. இவர்களோ விரும்பிப் பெயரை மறைத்தார்கள், அதனாலேயே புகழ்பெற்றார்கள். ஒரே வெறுமை, ஒருவருக்கு வறுமை, இன்னொருவருக்கு ஆபரணம்.

மறுபடியும் இங்கிலாந்து. எண்பதுகளில் பெரிய கம்பெனிகளுக்குப் புத்தி வந்தது. நம் பாட்டை வாடகைக்கு விட்டு அடுத்தவர் ஏன் லாபம் பார்க்க வேண்டும், நாமே தொகுப்போம் என்று இ.எம்.ஐ.-யும் வர்ஜினும் சேர்ந்தன. 1983 நவம்பர் 28 அன்று ‘நவ் தட்ஸ் வாட் ஐ கால் மியூசிக்’ வெளிவந்தது. இரட்டைத் தட்டு, 30 பாட்டு. அவற்றில் 11 பாட்டு தரவரிசையில் முதலிடம் பிடித்தவை. விலை அடிமட்ட மலிவில்லை; பொருளும் தரமானது. ஆனால் கே-டெல் விதைத்த விதையிலிருந்து முளைத்த மரம்தான்.

பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? டென்மார்க் பன்றி இறைச்சிக்கான ஒரு பழைய விளம்பரச் சுவரொட்டியிலிருந்து! கோழி ஒன்று பாட, பன்றி ஒன்று நின்று கேட்கிறது, “இதுவல்லவோ பாட்டு!” என்று பாராட்டுகிறது. வர்ஜின் முதலாளி ரிச்சர்ட் பிரான்சன் அதை ஒரு பழம்பொருள் கடையில் வாங்கித் தன் கம்பெனியின் சைமன் டிரேப்பருக்குக் கொடுத்திருந்தார். அலுவலகச் சுவரில் தொங்கிய அந்த வாசகமே தொகுப்பின் பெயரானது. கோழி முட்டையிட்டுக் கொடுத்தால் பக்கத்தில் வைத்துப் பரிமாறப்படப்போவது பன்றிதான். அது தெரியாமல் ரசிக்கிறது பாவம்! வியாபாரத்தில் ரசிகனின் இடம் எது என்று அந்தப் படம் தன்னையறியாமல் சொல்லிவிட்டதாக எனக்குத் தோன்றும்.

இப்போது நம் ஹவுஸ்மார்ட்டின்ஸ். ஹவுஸ் மார்ட்டின் என்பது வீட்டு இறவாரத்தின் கீழ் மண்கூடு கட்டும் ஒரு சிறு பறவை. குழுவின் ஊர் ஹல், வட இங்கிலாந்தின் மீன்பிடித் துறைமுகம். ஆழ்கடல் மீன்பிடித் தொழில் எழுபதுகளில் நொடித்துப்போய், வேலையில்லாமல் தவித்த ஊர். அங்கே 1983-இல் பால் ஹீட்டனும் ஸ்டான் கல்லிமோரும் குழுவைத் தொடங்கினார்கள். 1986-இல் வந்த முதல் எல்.பி.யின் பெயர் ‘லண்டன் 0 ஹல் 4’. கால்பந்து ஆட்ட முடிவு மாதிரி! தலைநகரத்துக்குச் சுழியம், எங்கள் ஊருக்கு நான்கு என்று. ஆனால் தங்களைப் பற்றிக் கேட்டால், “நாங்கள் ஹல் நகரத்தின் நான்காவது சிறந்த குழு” என்பார்கள். நாட்டில் என்றுகூட இல்லை. ஊரிலேயே நான்காவது இடம்! அதே வருடம் டிசம்பரில் பக்கவாத்தியமே இல்லாமல், வெறும் குரல்களால் அவர்கள் பாடிய ‘கேரவன் ஆஃப் லவ்’ நாட்டிலேயே முதலிடம் பிடித்தது. அதுவும் இன்னொரு குழுவின் பாட்டைத் திரும்பப் பாடியதுதான்.

உச்சத்தில் இருக்கும்போதே, 1988-இல், பிரிந்துவிடுவது என்று முடிவு செய்தார்கள். பிரியும் குழு தன் சிறந்த பாட்டுகளைத் தொகுத்து விடுவது வழக்கம். அதற்கு ‘மகத்தான வெற்றிப்பாடல்கள்’ என்று பெயர் வைப்பதும் வழக்கம். இவர்கள் வைத்த பெயரைத்தான் ஆரம்பத்திலேயே சொன்னேன். நாடு முழுக்கத் தெரிந்த தொகுப்பின் பெயரை அப்படியே எடுத்து, கடைசிச் சொல்லை மட்டும் மாற்றினார்கள். ‘மியூசிக்’ இருந்த இடத்தில் ‘க்வைட் குட்’.

இந்த ‘க்வைட்’ என்ற சொல் இருக்கிறதே, அது பொல்லாதது. அமெரிக்கர் சொன்னால் ஏறக்குறைய ‘மிகவும்’. ஆங்கிலேயர் சொன்னால் பெரும்பாலும் ‘ஒருவாறு’, ‘பரவாயில்லை’. உங்கள் நோட்டில் நான் சிவப்பு மையில் எழுதிய ‘மிக நன்று’, ‘நன்று’, ‘முயற்சி செய்’ ஞாபகம் இருக்கும். ‘மிக நன்று’ வாங்கியவன் வகுப்பு முழுக்கக் காட்டுவான். ‘நன்று’ வாங்கியவன் சத்தமில்லாமல் நோட்டைப் பைக்குள் வைப்பான். அந்த ‘நன்று’ வாங்கிய பிள்ளை எழுந்து நின்று, “ஆகா, இதுவல்லவோ நன்று!” என்று பெருமையாகச் சொன்னால் எப்படி இருக்கும்? அதுதான் இந்தத் தலைப்பு. முதல் பாதி சந்தைக் கூச்சல். இரண்டாம் பாதி அடக்கமான உண்மை. இரண்டையும் ஒட்டியதும் கூச்சலின் காற்று இறங்கிவிட்டது.

எனக்கு இந்தக் கிண்டல் பிடித்ததற்குக் காரணம், அது யாரைக் குத்துகிறது என்பதுதான். மலிவுத் தட்டைக் கேலி செய்தவர்கள் அந்நாட்டில் நிறையப் பேர். அவர்களில் பலர் உண்மையில் கேலி செய்தது அதை வாங்கியவர்களை. “ரசனை கெட்டவர்கள், அசலுக்கும் போலிக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள்” என்று. வித்தியாசம் தெரியாமல் யாரும் வாங்கவில்லை. கையில் இருந்த காசுக்கு அதுதான் கிடைத்தது. வீட்டில் நாலு பிள்ளை இருந்து, பண்டிகைக்கு ஒரே தட்டு வாங்க முடியும் என்றால், பன்னிரண்டு பாட்டு இருப்பதைத்தான் எந்தத் தாயும் வாங்குவாள். ஹவுஸ்மார்ட்டின்ஸ் அந்தத் தாயைத் தொடவில்லை. அட்டைமேல் கத்தும் எழுத்தைத் தொட்டார்கள். அதைவிட முக்கியமாக, தங்களையே தொட்டார்கள். பிறரை இறக்கிச் சிரிப்பது சுலபம். தன்னை ஒரு படி இறக்கிக்கொண்டு, அதனாலேயே எதிரில் இருப்பவரின் டம்பத்தைக் காட்டுவதற்குத் தெம்பு வேண்டும். உண்மையிலேயே நன்றாகப் பாடத் தெரிந்தவனுக்குத்தான் அந்தத் தெம்பு வரும்.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் ‘பரவாயில்லை’த் தொகுப்பு விற்பனைப் பட்டியலில் 8-ஆவது இடம் வரை போனது. அடுத்த ஜனவரியில், 1989-இல், பல பாடகர் தொகுப்புகள் பெரிய பட்டியலை ஆக்கிரமிக்கின்றன என்று அவற்றுக்குத் தனிப்பட்டியல் போட்டு ஒதுக்கினார்கள். 1972-இன் கதைதான் மறுபடியும்! கே-டெல் 1984-இல் திவால் மனு கொடுக்க நேர்ந்தது. கைவ்ஸ் 2016-இல் காலமானார். ‘நவ்’ தொடர் 2018-இல் நூறாவது தொகுப்பைத் தாண்டியது. ஹவுஸ்மார்ட்டின்ஸில் பேஸ் கிட்டார் வாசித்த நார்மன் குக், ‘ஃபேட்பாய் ஸ்லிம்’ என்ற பெயரில் நடன இசையில் உலகப்புகழ் பெற்றார். ஹீட்டனும் டேவ் ஹெமிங்வேயும் ‘பியூட்டிஃபுல் சவுத்’ என்று புதுக்குழு கண்டார்கள். 1994-இல் அதன் தொகுப்புக்கு ‘கேரி ஆன் அப் தி சார்ட்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். அதுவும் ‘கேரி ஆன்’ என்ற மலிவு நகைச்சுவைப் படவரிசையைக் கிண்டல் செய்த பெயர்தான். அது முதலிடத்துக்கே போனது!

இன்று உங்கள் பிள்ளைகள் போனில் பாட்டுத் தொகுப்பு கேட்கிறார்கள். ‘டாப் 50’, ‘சூப்பர் ஹிட்ஸ்’ என்று அங்கேயும் அதே பழைய கூச்சல்தான். கேட்கட்டும், நல்லதுதான். நம் காலத்தில் கிடைக்காதது அவர்களுக்கு விரல்நுனியில் கிடைக்கிறது. அவர்களுக்கு இரண்டு பழக்கம் மட்டும் சொல்லிக்கொடுங்கள். ஒன்று, எந்தப் பொருளாக இருந்தாலும் பெரிய எழுத்தைப் படித்தபின் சின்ன எழுத்தையும் படிக்க வேண்டும். சின்ன எழுத்தே இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேட்க வேண்டும். இரண்டு, ஒரு பாட்டு பிடித்துவிட்டால், பாடியவர் யார், வாசித்தவர் யார், எழுதியவர் யார் என்று ஒரு நிமிடம் தேடிப் பார்க்க வேண்டும். பெயரைத் தெரிந்துகொள்ளக் காசு செலவில்லை. பெயர் போடாத அட்டைகளுக்குப் பின்னால் நின்று பாடியவர்களுக்கு நாம் இப்போது செய்யக்கூடிய மரியாதை அது ஒன்றுதான்.

பதிவு எப்படி இருந்தது என்று எழுதுங்கள். ‘மிக நன்று’ வேண்டாம். ‘பரவாயில்லை’ என்றாலே எனக்கு மகிழ்ச்சிதான்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்